பேர் விழாத வேலை

அம்மா 31 வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இப்போது முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். நான் பாடசாலை விட்டு வந்து இஸ்தோப்பில் சப்பாத்தைக் கழற்றும்போது சில நாட்களில் உள்ளேயிருந்து குரல் வரும்: "இன்னைக்கி எத்தன கிலோ?"

கிண்டல்தான். நான் உளவளத்துணை ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங் மிஸ். வாய்த்துடுக்கான பையன்கள் நான் இருக்கும் அறைக்கு 'லூசு ரூம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளின் கதையைக் கேட்டுவிட்டு வரும் மகளுக்கு அரசாங்கம் மாசாமாசம் சம்பளம் கொடுக்கிறது என்பதை அம்மாவால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

தோட்டத்து வேலைக்கு நிறை உண்டு. அம்மா வேலை செய்த டிவிஷனில் 18 கிலோ எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள், அதற்குச் சண்டை நடக்கும், கணக்கப்பிள்ளையின் பரம்பரையே வசவுக்குள் வந்து போகும். என்றாலும் செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், ஏறிய பேர் ஏறியதுதான். எனக்கு அப்படி எதுவும் ஏறுவதில்லை. படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் கடைக்குப் போக இருந்தவன் போகாமல் இருந்துவிட்டால், வகுப்பில் மூன்றாவது வாங்கில் வழக்கம்போல ஒருத்தன் உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். ஒரு பிள்ளை ராத்திரி எடுக்க இருந்த முடிவை எடுக்காமல் விட்டால் அடுத்த நாள் சும்மா ஒரு புதன்கிழமை. நடக்காமல் போனதை எந்தத் தராசில் போடுவது?

சோர்ந்துபோன கதையைத்தான் எழுத வந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று இரண்டு மாதமாக யோசித்தேன். சிவப்புப் பேனாவிலிருந்தே தொடங்குகிறேன்.

*

மூன்று வருஷத்துக்கு முன், தவணைப் பரீட்சை முடிந்த வாரம். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வந்து எதிரே உட்கார்ந்தது. (இந்தப் பதிவில் வரும் பிள்ளைகளின் விவரங்களை எல்லாம் மாற்றியும் கலந்தும்தான் எழுதுகிறேன். யாராவது "இது எங்க தோட்டத்துப் பிள்ளதானே" என்று கேட்டால், இல்லை.) டையின் நுனியில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதை ஆள்காட்டி விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகவே பேசியது. அம்மா குவைத்தில். வீட்டில் அப்பா, இரண்டு தம்பிமார், கண் சரியாகத் தெரியாத அப்பாயி. "சம்பளம் போட்ட கெழமையில மட்டும் வீட்டுக்குப் போக பயமா இருக்கு டீச்சர்."

நான் 'ம்' போட்டேன். தலையாட்டினேன். உளவளத்துணை டிப்ளோமாவில் சொல்லிக்கொடுத்தபடி உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக்கூட உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு அடியில், மடியில், ஏழாம் ஆண்டு விடைத்தாள் கட்டு. கை தன்பாட்டில் திருத்திக்கொண்டிருந்தது. மறுநாள் காலைக்குள் புள்ளிகளைக் கொடுத்தாக வேண்டும்.

பிள்ளை பேச்சை நிறுத்தியது எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அது என் முழங்கைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பேனா மூடி மேசைமேல் கிடந்தது.

"நீங்க திருத்துங்க டீச்சர். நான் அப்பறமா வாறேன்."

குரலில் கோபமே இல்லை. வேலையாக இருக்கும் பெரியவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் எழுந்துபோகப் பழகிய பிள்ளை அது. குவைத்திலிருந்து வரும் போனையும் இப்படித்தான் வைத்திருக்கும்: நீங்க வேலையப் பாருங்கம்மா, நான் அப்பறமா எடுக்கிறேன்.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம்கூட வரவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். 'அப்பாடா' என்றிருந்தது. மீதித் தாள்களை மணி அடிப்பதற்குள் முடித்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தபோதுதான் அந்த அப்பாடா என் காதில் விழுந்தது.

*

அதற்கு முன்பே உடம்பு சொல்லத் தொடங்கியிருந்தது, நான்தான் கேஸ்ட்ரைட்டிஸ் என்று வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வயிறு எரியத் தொடங்கும். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மறந்து, கருகின வாசம் அடுத்த வீட்டு அக்கா வந்து சொல்லித்தான் தெரியும். என் மகன் பள்ளிக்கூடத்துக் கதை ஏதாவது தொடங்கினால், "சுருக்கமாச் சொல்லு" என்பேன். அவனுக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதுப் பிள்ளை கதையைச் சுருக்கமாகச் சொல்லுமா?

கிளினிக்கில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து இளம் டொக்டர். மாத்திரை எழுதப்போனவர் பேனாவை நிறுத்தி, "நித்திரை எப்படி?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தேன், அழுகை வந்தது. பின்னால் வரிசையில் முப்பது பேர். அவர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தார். உளவளத்துணை படித்த எனக்கு அந்த மௌனத்தின் விலை தெரியும்.

பர்ன்அவுட் என்ற சொல்லை எங்கள் டிப்ளோமாவில் அரை மணி நேரம் படித்திருக்கிறோம், பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போயிருக்கிறோம். அதற்கு நல்ல தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. மனச்சோர்வு என்றால் அது டிப்ரெஷன் பக்கம் போய்விடுகிறது. களைப்பு என்றால், ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்கினால் சரி என்றாகிவிடுகிறது. அம்மாவிடம் விளக்கப் பார்த்தேன். கேட்டுவிட்டு, "மனசு விட்டுப்போச்சுன்னு சொல்லு" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

இந்தச் சொல்லை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ரொய்டன்பேர்கர் என்ற உளவியலாளர், 1974இல். நியூயோர்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு வேலை செய்தவர். போதைக்கு அடிமையானவர்கள் வந்து போகும் இடம். அங்கே ஆசையோடு வேலைக்கு வந்த தொண்டர்கள் ஒரு வருஷத்துக்குள் வெறுமையாகிப்போவதைப் பார்த்தார். அவரும் அப்படி ஆனார். எரிந்துபோதல் என்பது அந்தத் தெருவில் போதைக்காரர்களைப் பற்றிப் பேசிய பேச்சிலேயே புழங்கிய வார்த்தை, அதை எடுத்துக் கவனிக்க வந்தவர்கள்மேல் வைத்தார். பிறகு கிறிஸ்டினா மஸ்லாக் என்பவர் இதை அளக்க ஒரு கேள்விக்கொத்தை 1981இல் இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்டார். அவர் கணக்கில் இது மூன்று இழை: உணர்ச்சி வற்றிப்போவது, எதிரே இருப்பவர் மனுஷராகத் தெரியாமல் போவது, நாம் செய்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தோன்றுவது. எனக்கு முதலாவது வயிற்றெரிச்சலாக வந்தது. இரண்டாவது சிவப்புப் பேனாவாக வந்தது. மூன்றாவது, எத்தன கிலோ என்று வாசலில் நின்றது.

உலக சுகாதார அமைப்பு 2019இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் திருத்தத்தில் இதைச் சேர்த்தபோது, நோய் என்று சேர்க்கவில்லை. தொழிலோடு சேர்ந்து வரும் ஒரு நிலை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வேலையிடத்தில் நாட்பட்டுத் தேங்கி, சரியாகக் கையாளப்படாமல் போன அழுத்தத்தின் விளைவு. இதை ஒரு துண்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தேன். உன் மனசு லேசு, உனக்குத் தாங்கும் சக்தி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் துண்டு உதவியது.

*

வேலையிடம் என்றால் என்ன என்று காட்ட வேண்டும். என் அறை பழைய ஸ்டோர். ஒரு பக்கம் பலகைத் தடுப்பு, கூரைவரை போகாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வலைப்பந்து, பிரம்பு வளையங்கள், கடந்த வருஷம் மிஞ்சிய பாடநூல் கட்டுகள், ஒரு கால் உடைந்த சரஸ்வதி. யாராவது பந்து எடுக்க வந்தால் நாங்கள் பேச்சை நிறுத்துவோம். உள்ளே வரும் பிள்ளையை எதிர்க் கட்டடத்தின் இரண்டு வகுப்புகள் பார்க்கும். லயத்துக் காம்பராவில், சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து வரிசை வீட்டில், வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அடுத்த காம்பராவில் இருமினாலும் கேட்கும், அழுதாலும் கேட்கும். ரகசியம் என்ற ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாக வைக்க வருகிற இடமும் இப்படி இருந்தால்?

பிள்ளைகள் ஏறக்குறைய 900. உளவளத்துணைக்கு நான் ஒருத்தி. அமெரிக்காவின் பாடசாலை ஆலோசகர் சங்கம் ஒருவருக்கு 250 பிள்ளைகள் என்று சிபாரிசு செய்கிறது. அங்கேயும் பல இடங்களில் அது நடப்பதில்லையாம். அந்தக் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் பிரயோசனமில்லை. என்னை உருக்கியது 900 இல்லை, ரிலீஃப்.

எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் முதலில் ஞாபகம் வருவது கவுன்சிலிங் மிஸ். "நீங்க ஃப்ரீதானே?" மலையில் ஆசிரியர் வருவதும் இடமாற்றம் வாங்கிப் போவதும் பஸ் மாதிரி. ஆகையால் ரிலீஃப் இல்லாத நாளே கிடையாது. அதற்கு மேல் சீருடைத் துணி லிஸ்ட், புலமைப்பரிசில் படிவம், பல் கிளினிக்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது. ஒரு மாதம் கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். 20 நாள், 160 பாடவேளை. ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பேசியது 23.

அந்த 23க்குள் வந்தவை இருக்கின்றனவே. காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளை, காரணம் கேட்டால் பசி. காதல் தோல்வி என்று கையைக் கீறிக்கொண்டவன். சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிற, சித்தப்பாவைப் பற்றி எதுவும் பேசாத பெண்பிள்ளை. பேசாதது எதுவென்று யூகித்துக்கொண்டே, அதன் வாயால் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகு பொலிஸின் சிறுவர் பெண்கள் பிரிவு, நன்னடத்தை அதிகாரி, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் என்று ஓட வேண்டும். ஒரு வருஷம் அந்த மூன்று இடத்துக்கும் ஏறி இறங்கினேன். அப்படியான ஒரு நாள் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்பார்: "டீச்சர்மாருக்கென்ன, ஒன்றரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவீங்க."

இன்னொன்று, வேறு ஊர் ஆலோசகர்களுக்கு இவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். பிள்ளை சொல்லும் கதை எனக்கும் நடந்த கதை. என் அம்மாவும் இரண்டு வருஷம் ஜோர்தானில் இருந்தார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு ஒரு வாரம் என் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி என்று மலை மலையாக இறங்கியது. பாடசாலைகள் முகாம்களாகின. மறுபடி வகுப்புத் தொடங்கியபின் பிள்ளைகள் வந்து சொல்வது ஒன்றே ஒன்று: "மழ சத்தம் கேட்டா தூக்கம் வருதில்ல டீச்சர்." மூச்சை இழுத்து விடு, கால் தரையில் இருப்பதைக் கவனி என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீடும் அதே சரிவில்தான் இருக்கிறது. மழை பெய்தால் நானும் செருப்பைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

*

எனக்குக் கைகொடுக்காதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு செயலமர்வு. ஹோட்டல் மண்டபம், பலூன், 'உங்களை நீங்கள் நேசியுங்கள்' என்று திரை. கவலைகளைப் பலூனில் எழுதி உடைக்கச் சொன்னார்கள். உடைத்தோம். பகல் சாப்பாடு நன்றாக இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று ஒரு நாள் நான் பாடசாலைக்குப் போகாததால் என்னைத் தேடி வந்த இரண்டு பிள்ளைகள் திரும்பிப் போயிருந்தன. மூச்சுப் பயிற்சி மட்டும் நல்லது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. பஸ்ஸில் இன்றும் செய்கிறேன். ஆனால் ரிலீஃபை மூச்சால் குறைக்க முடியாது.

மனசைத் திருத்தினால் எல்லாம் சரியாகும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாள். எங்கள் நாட்டிலேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47, உலகத்திலேயே உச்சத்தில் இருந்த நாடுகளில் ஒன்று. அது பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய காரணம், கொடிய பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. சனத்தின் கவலை குறைந்ததால் இறங்கவில்லை. ஆத்திரத்தில் கை நீளும் தூரத்தில் அந்தப் போத்தல் இல்லாமல் போனது. உளவளத்துணைக்காரி இதைச் சொல்வது என் பிழைப்பில் நானே மண் போடுவது மாதிரி இருக்கலாம். ஆனால் சோர்வைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் முன்னால் வருகிறது. முதலில் சுற்றி இருப்பதில் எதையாவது நகர்த்த வேண்டும்.

நான் நகர்த்தப் போன முதல் சாமான், அந்தக் கோடு போட்ட கொப்பி. அதிபரிடம் கொண்டுபோய் விரித்தேன். முறைப்பாடாகப் பேசவில்லை. "சேர், 160ல 23" என்று மட்டும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலிருந்து படிவம் கேட்கிறார்கள், கீழே ஆசிரியர் இல்லை. கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செவ்வாயும் வியாழனும் மூன்றாவது நாலாவது பாடவேளை எனக்கு ரிலீஃப் போடக்கூடாது என்று நேரசூசியில் எழுதினார். வாரத்துக்கு நாலு. கேட்டது பத்து. அந்த நாலும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் போய்விடும், பிறகு மறுபடி கொப்பியோடு போக வேண்டும். போகிறேன். கோடு போடுவதை நான் நிறுத்தவே இல்லை. எனக்கென்று ஒரு செக்ரோல்.

அறையை மாற்ற முடியவில்லை. அதனால் சில பிள்ளைகளோடு அறையில் பேசுவதை விட்டேன். மைதானத்துக்கு இறங்கும் படியில் நடந்துகொண்டே பேசுவோம். பார்க்கிறவர்களுக்கு டீச்சர் ஏதோ வேலை சொல்லிக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, பையன்கள் வாய் திறக்கிறார்கள்.

போன். பெற்றோருக்கெல்லாம் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும், ஏழு நிமிஷம், அழுகையோடு. கேட்காமல் தூங்க முடியாது, கேட்டாலும் தூங்க முடியாது. இப்போது வேறு சிம் ஒன்று, பழைய பட்டன் போனில். ஆறு மணிக்குப் பிறகு அது அலுமாரியில். வகுப்பு வகுப்பாகப் போய் 1929ஐ எழுதிப்போட்டேன், அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். பெரியவர்களுக்கு 1926, மனநல உதவிக்கு. முதல் மாதம் அலுமாரியைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவாளி மாதிரி இருந்தது. ஒரு தடவை திறந்தும் பார்த்தேன். அதில் மூன்று தவறிய அழைப்பு, மூன்றும் சிம் கம்பனி.

ஆறாம் ஆண்டுக்குத் தமிழ்ப் பாடம் வாரம் ஐந்து பாடவேளை கேட்டு வாங்கினேன். சோர்ந்துபோனவள் ஏன் வேலையைக் கூட்டிக் கேட்கிறாள் என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். காயப்பட்ட பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் உலகத்தில் உள்ள அப்பாமார் எல்லாம் குடிகாரர், சித்தப்பாமார் எல்லாம் கெட்டவர் என்றாகிவிடுகிறது. ஆறாம் ஆண்டில் 'என் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னால், அப்பா கருவாடு சுடும்போது பூனை வந்த கதையை இரண்டு பக்கம் எழுதுகிறான் ஒருவன். அதை வாசிக்க வேண்டும் எனக்கு. மருந்து மாதிரி.

*

கடைசியாக, சனிக்கிழமை.

வெளிநாடுகளில் ஆலோசகர்களுக்கு மேற்பார்வை என்று ஒன்று உண்டு. அனுபவமுள்ள ஒருவரிடம் குறிப்பிட்ட இடைவெளியில் போய், தான் கேட்ட கதைகளையும் அவை தனக்குள் செய்த வேலையையும் சொல்வது. இங்கே வலயத்திலிருந்து வருபவர்கள் பதிவேட்டைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். அந்தச் சொல்லே எங்கள் பக்கத்துக்குச் சரிவராது. மேற்பார்வை, கண்காணிப்பு என்று எப்படிச் சொன்னாலும் கங்காணிதான் ஞாபகத்துக்கு வருகிறான். கங்காணியிடம் போய் யார் மனசைத் திறப்பது?

கொட்டகலை கலாசாலையில் என்னோடு படித்த ஒருத்தி பக்கத்து நகரத்துப் பாடசாலையில் இதே வேலை செய்கிறாள். மஸ்கெலியாப் பக்கம் இன்னொரு அக்கா, எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று பேரும் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஹட்டனில் ஒரு பேக்கரியின் உள் மேசையில் கூடத் தொடங்கினோம். இரண்டு வருஷமாகிறது. பிளேன்டீ, மாலு பாண். விதி நாலைந்துதான். பிள்ளையின் பேர், பாடசாலை, தோட்டம் சொல்லக்கூடாது. ஆளுக்கு இருபது நிமிஷம், அக்காவின் கைக்கடிகாரம்தான் கணக்கு. கேட்டாலொழிய யோசனை சொல்லக்கூடாது. "பாவம்" என்று சொல்லக்கூடாது, அது அக்கா போட்ட விதி, காரணம் சொல்லவில்லை, இப்போது எனக்குப் புரிகிறது.

சிவப்புப் பேனாக் கதையை நான் முதலில் சொன்னது அங்கேதான். சொல்லி முடித்ததும் அக்கா, "நான் தூங்கியே போயிட்டேன் ஒரு நாள்" என்றார். ஒரு பிள்ளை எதிரே அழுதுகொண்டிருக்கும்போது. மூன்று பேரும் சிரித்தோம், பேக்கரிக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. சிரித்ததற்கு வெட்கப்படவும் செய்தோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், மூன்று பேர் சேர்ந்து டீ குடித்தோம் என்று சொன்னேன். என்ன பேசினீர்கள் என்று கேட்டார். சொல்லக்கூடாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகச் சொன்னார்: "கொழுந்தும் மூணு வாட்டி நிறுக்கிறதுதான். காலையில, பகல்ல, அந்தியில. நாள் பூராவும் முதுகுல வச்சிக்கிட்டே இருந்தா கொழுந்தும் வெந்துபோகும், ஆளும் விழுந்துரும்." உண்மைதான். பச்சைக் கொழுந்தைச் சாக்கில் திணித்து நேரம் போக வைத்திருந்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும், ஃபெக்டரியில் எடுக்க மாட்டார்கள். அம்மா இதை எனக்குப் புத்தி சொல்வதற்காகச் சொன்னாரா, சும்மா பழைய ஞாபகத்தில் சொன்னாரா தெரியாது. அதன் பிறகு அவர் எத்தன கிலோ என்று கேட்கும்போது முன்போல வயிறு எரிவதில்லை. சில நாள் "பன்னெண்டு, அரைப்பேர்தான்" என்று பதிலும் சொல்கிறேன்.

அந்தப் பத்தாம் ஆண்டுப் பிள்ளை பதினொரு நாள் கழித்து வந்தது. மேசையின் மேல் எதுவும் இல்லை, மடியிலும் இல்லை. அது முதலில் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தது. பிறகு உட்கார்ந்தது. பேசியது முழுவதையும் இங்கே எழுத முடியாது. நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர், எத்தன பேருக்கு ஃபெயில் போட்டீங்க?" என்று கேட்டது.

போன மாதம் எங்கள் சனிக்கிழமைக்கு நாலாவதாக ஒரு தம்பி வந்தான். பொகவந்தலாவைப் பக்கம் புதிதாக நியமனம் கிடைத்து எட்டு மாதம். டித்வாவுக்குப் பிறகு அவன் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளில் சிலருக்கு வீடே இல்லை. சட்டைப்பையில் நாலாக மடித்த தாள் வைத்திருந்தான், இருபது நிமிஷத்தில் சொல்லி முடிப்பதற்குக் குறிப்பெல்லாம் எழுதி. தாளை விரித்தான், வாசிக்கவில்லை. பேசத் தொடங்கினான். இருபது நிமிஷமானதும் நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார்.

பேக்கரிக்காரர் பலகைகளை மூடத் தொடங்கியபோதும் அவன் பேசிக்கொண்டிருந்தான். பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. மூன்று பேரும் காசு போட்டு அவனை ஒரு த்ரீவீலில் ஏற்றிவிட்டோம். நாலு மாலு பாண் மிச்சம் இருந்தது, அதையும் பேப்பரில் சுற்றி அவன் மடியில் வைத்தோம்.